வேர்க்கடலைப் பாடம்

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் திடீரென்று இங்கிலீஷ் மீடியத்தில் போய் உட்கார்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். கெமிஸ்ட்ரி மிஸ் கரும்பலகையில் 'பிரசிபிடேட்' என்று எழுதியபோது, அது ஏதோ நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் சாதாரணமாக எழுதிக்கொண்டு போனாள். வீழ்படிவு என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று ஒரு பக்கம் பேசியிருப்பேன். எனக்குப் பாடம் தெரியும், அதன் புதுப் பெயர்தான் தெரியாது. தெரிந்த தெருவில் எல்லா வீட்டுக் கதவுகளிலும் வேறு பூட்டு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அது முன்னாள் பிரதமர் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துக் கொல்லப்பட்ட வருஷம். மே மாதம் அது நடந்தது. ஜூலையில் எனக்கு வகுப்பு தொடங்கியது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஒன்றும் பக்கமில்லை. ஆனாலும் எங்கள் தெரு மாறித்தான் போயிருந்தது, ஏனென்றால் எங்கள் மாடியில் இலங்கைக்காரர்கள் குடியிருந்தார்கள்.

ஒரு அம்மா, ஒரு அக்கா. அவ்வளவுதான் குடும்பம். அதற்கு முந்தின வருஷம் தீபாவளிக்குப் பிறகு வந்தவர்கள். அக்காவின் கணவர் கனடாவில் இருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளில் அவர் போய்விட, அக்கா விசாவுக்காக இங்கே காத்திருந்தார். வந்த புதிதில் தெருவே அவர்களைக் கொண்டாடியது. அவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வருவார்கள். "ஆமாங்கறதுக்கு ஓம்னு சொல்றியே, இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாடி அம்மா இடித்த மிளகாய்த் தூளுக்கு மூன்று வீடுகளில் கிண்ணம் வந்து நின்றது.

மே மாதத்துக்குப் பிறகு கிண்ணம் வரவில்லை. இலங்கைக்காரர்களுக்கு வீடு விட்டிருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் விவரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அப்பா அவர்கள் இருவரின் போட்டோவையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நல்லவங்கதான். ஆனா நமக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மாவிடம். அந்த வாக்கியம் அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்தது. பால்காரர் நின்று பேசினால், குழாயடியில் யாராவது மாடியை அண்ணாந்து பார்த்தால், யாருக்காவது அது வாயில் வந்துவிடும். நமக்கு என்ன தெரியும்?

எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்ட் சார் இருந்தார். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் வடக்கே எங்கோ. எங்கள் தெருவில் டெலிபோன் இருந்த ஒரே வீடு அவருடையது. சாயங்காலமானால் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பார். படிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பக்கம் புரளாது. கண் எங்கள் மாடி ஜன்னலில் இருக்கும். எனக்கு அவரைப் பார்த்தாலே பிடிக்காது.

*

வகுப்பில் நான் முழிப்பதைப் பார்த்த அப்பா, ஒரு சனிக்கிழமை தாம்பரம் மேற்கில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பிளாட்பாரக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தார். அட்டை கிழிந்துபோனது. முன்பக்கங்களும் இல்லை, அதனால் அதன் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்கான புத்தகம், ஆனால் பாடமெல்லாம் பொது அறிவியல். மழை எப்படி வருகிறது, கண் எப்படிப் பார்க்கிறது, வௌவால் எப்படிப் பறக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கீழே கேள்விகள். அதற்குக் கீழே கஷ்டமான சொற்கள். கடைசியில் ஒரு கட்டம் போட்டு இரண்டு மூன்று மரபுத்தொடர்கள். பக்கங்களில் வேறு யாரோ பென்சிலில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஈரத்தில் நனைந்து காய்ந்த வாசனை அதில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா இறங்கி வந்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இது ஒளித்தொகுப்பு எல்லே? போட்டோசிந்தசிஸ். இதை நாங்கள் தமிழிலதான் படிச்சனாங்கள்."

"நாங்க ஒளிச்சேர்க்கைன்னு சொல்லுவோம்க்கா."

"அப்ப ஒட்சிசனை என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"ஆக்சிஜன்."

"அது இங்கிலீஷ் எல்லே பிள்ளை!" என்று சிரித்தார். அக்கா சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்தவர். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் போக முடியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு விசாவுக்காக ஒரு தடவை டெல்லி போய் வந்திருந்தார். நேர்முகத்தில் அதிகாரி இங்கிலீஷில் கேட்க, நடுவில் ஒருவர் தமிழில் மாற்றிச் சொல்ல, அக்கா பதில் சொல்ல, அது மறுபடி இங்கிலீஷில் போக, கடைசியில் கல்யாணமே உண்மையா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நான் சொன்னது ஒண்டு. அந்த மனுசன் சொன்னது வேற ஒண்டு. எனக்கு முன்னாலேயே மாத்திச் சொல்லுறார், எனக்கு விளங்குது, ஆனா மறிச்சுக் கதைக்க இங்கிலீஷ் இல்லை. அடுத்த முறை என்ர வாயால நானே சொல்லவேணும்."

இப்படித்தான் நாங்கள் இருவரும் ஜோடி சேர்ந்தோம். யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை. இருவருக்குமே விஷயம் தெரியும், இருவருக்குமே மொழி தெரியாது. அதனால்தான் அந்தப் புத்தகம் எங்களுக்குப் பொருந்தியது. இதயத்தைப் பற்றிய பத்தியில் ஒரு சொல் புரியாவிட்டால், ரத்தம் அடுத்து எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இருட்டில் நம் வீட்டுக்குள் நடப்பது மாதிரி. ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் கேள்வி கேட்க வேண்டும், முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். பாதி வாக்கியம் சொன்னால் அக்கா தலையை ஆட்டிவிடுவார். "டெல்லியில அரைவாசி வசனம் எடுபடாது."

மரபுத்தொடர்கள்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தின. ஐஸ்பெர்க் பாடத்தில் 'டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்'. நீராவி பாடத்தில் 'லெட் ஆஃப் ஸ்டீம்'. மூக்கும் வாசனையும் பாடத்தில் 'ஸ்மெல் எ ராட்'. எலி வாசனை அடிக்கிறது என்றால் என்ன என்று வெகுநேரம் யோசித்தோம். அக்கா, "எலி மணக்குது" என்றார். எங்கள் ஊரில் மல்லிகைதானே மணக்கும், எலி எப்படி மணக்கும் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அகராதியில் பார்த்தோம். சந்தேகப்படுவது என்று போட்டிருந்தது.

அக்கா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். எதிர் வீட்டு சார் பேப்பரோடு நின்றிருந்தார்.

"ஐயாவுக்கும் எலி மணக்குது போல" என்றார் அக்கா, மெதுவாக.

*

உண்மையைச் சொன்னால் எனக்கும் மணத்தது. பதினைந்து பதினாறு வயதில் பேப்பரில் தினமும் வருகிற படங்களையும் கதைகளையும் படித்துவிட்டு மாடியேறினால் வேறு எப்படி இருக்கும்? அக்காவின் முழங்கைக்கு மேல் பளபளவென்று ஒரு தழும்பு உண்டு. "என்னக்கா இது?" என்று கேட்டேன். "சின்னனில விழுந்தது" என்றார். அது விழுந்த காயம் மாதிரி இல்லை. வானத்தில் விமானம் தாழப் பறந்தால், அதுவும் மீனம்பாக்கம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில், படிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நகர்ந்துவிடுவார். சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து படிப்பார்.

அப்புறம் ஒரு ஆள். அவ்வப்போது மொபெட்டில் வருவார். வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தாமல், தெருமுனை முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். கையில் பிரவுன் பேப்பர் சுற்றிய பொட்டலம். அவர் வந்தால் அக்கா என்னைக் கீழே அனுப்பிவிடுவார். "உறவுக்காரர்" என்பார். என்ன உறவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாவுக்கான பேப்பர்களா, மருந்தா, பிரிந்தவர்களிடமிருந்து ஏதாவது செய்தியா? பிற்காலத்தில் எவ்வளவோ நல்லபடியாகத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த மொபெட் ஆள் மட்டும் எனக்குத் தெளியாமலே இருக்கிறார். உங்களிடம் அதை மறைப்பானேன்.

ஆனாலும் அடுத்த நாள் புத்தகத்தோடு மேலே போய்விடுவேன். போகாமல் இருக்க முடியவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நான் வகுப்பில் எழுந்து முழு வாக்கியம் பேச ஆரம்பித்திருந்தேன். கெமிஸ்ட்ரி மிஸ் ஒரு நாள், "வேர் டூ யூ கோ ஃபார் டியூஷன்?" என்று கேட்டார். எங்கள் மாடிக்கு என்று சொல்லத் தயங்கினேன். அப்போது மாடி என்பதே சொல்லக்கூடாத இடமாகிவிட்டிருந்தது.

*

வேர்க்கடலைப் பாடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாம் சாப்பிடுகிற பொருளில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு வேர்க்கடலையை எடுத்து, தடித்த இரும்புக் குடுவைக்குள் வைத்து, ஆக்சிஜனை நிரப்பி, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுக் கொளுத்துகிறார்கள். சுற்றிலும் தண்ணீர். கடலை எரிந்து தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அதுதான் கடலையின் சக்தி. அந்தக் குடுவைக்கு இங்கிலீஷில் வைத்திருக்கும் பெயர் 'பாம்'. அந்தக் கருவிக்கு பாம் கலோரிமீட்டர்.

அக்கா எழுந்து நின்று, டெல்லி அதிகாரி முன்னால் நிற்பது மாதிரி நிமிர்ந்து, உரக்கப் படித்தார். "தி பாம் இஸ் ஃபில்ட் வித் ஆக்சிஜன். தி ஃபியூஸ் வயர் இஸ் இக்னைட்டட்." நான் கேள்வி கேட்டேன். "வாட் இஸ் புட் இன்சைட் தி பாம்?" பிறகு எனக்குப் புரிவதற்காக அக்கா சிவப்புத் தரையில் சாக்பீஸால் குடுவையை வரைந்து, கம்பி, தண்ணீர், வெப்பமானி என்று அம்புக்குறி போட்டார். சத்தமாக, சந்தோஷமாகப் படித்தோம். மாடி அம்மா உள்ளே படுத்திருந்தார். எங்கள் அம்மா மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்து போனாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அந்த வாரமே, நான் ஸ்கூலிலிருந்து வந்த நேரத்தில், ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மேல கீறாங்களே, அந்தப் பொண்ண இன்ஸ்பெக்டர் ஐயா இட்டாரச் சொன்னாரு. ஓனரும் வரணும். அப்புறம் ஒரு புக்கு கீதாமே, அத எடுத்துக்கினு, படிக்கிற பாப்பாவும் வரட்டும்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாப்பா எதுக்கு? சின்னப் பொண்ணு. அவ எதுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்பா எதிர் வீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சார் கேட்டில்தான் நின்றிருந்தார். போன வாரம்தான் அவர் என்னை நிறுத்தி, "என்ன புக்கும்மா அது, தினம் சத்தம் வருது?" என்று கேட்டிருந்தார். இனி வேறு சாட்சி எதற்கு? அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "போன் இருக்குல்ல, வேலை சுலபம்" என்றார்.

ஆட்டோவில் அக்காவும் மாடி அம்மாவும் முன்னால் போனார்கள். அப்பாவும் நானும் அவர் ஸ்கூட்டரில். ரயில்வே கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் டிரெயின் வரும் வரை நின்றிருந்தபோது அப்பா திரும்பாமலே பேசினார்.

"கேட்டா, 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார், அந்தக்காதான் புக் குடுத்தாங்க, படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்'னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

"நீங்கதானப்பா வாங்கிக் குடுத்தீங்க."

"சொல்றதக் கேளு. அவங்க நாளைக்கு ஊர விட்டுப் போயிருவாங்க. நாம இங்கதான் இருக்கணும்."

டிரெயின் போயிற்று. கேட் திறந்தது.

*

ஸ்டேஷன் நான் நினைத்த மாதிரி இல்லை. எங்கள் ஸ்கூல் ஆபீஸ் ரூம் மாதிரிதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் அப்பா வயதுக்காரர். கோபமாகக்கூட இல்லை, அதுதான் அதிக பயமாக இருந்தது. அக்காவை நிற்க வைத்திருந்தார். மாடி அம்மா பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கேஸ்னு எழுதிட்டா இந்தப் பொண்ணு எங்கயும் போக முடியாது, தெரியுமில்ல?" என்றார் அப்பாவிடம். பிறகு என்னிடம் திரும்பினார்.

"புக் யாருது?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் பதில் சொல்லக் கஷ்டப்படுவேன் என்று நினைத்திருக்கலாம். அவர் கை மட்டும் தழும்பை மூடியிருந்தது.

எனக்குத் தைரியமெல்லாம் ஒன்றுமில்லை. யோசித்து முடிவெடுத்த ஞாபகமும் இல்லை. மாதக்கணக்கில் கேட்ட கேள்விக்கு நேரான பதிலை முழு வாக்கியத்தில் சொல்லிப் பழகியிருந்தேன். வாய் அதையே செய்தது.

"அந்தப் புக் என்னுது சார். எங்கப்பா தாம்பரத்துல வாங்கிக் குடுத்தாரு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரும் அவரைப் பார்த்தார். அப்பா மெதுவாக, "ஆமா சார்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் தரையில பாம் படம் போட்டுக் காட்டுச்சாமே இந்தப் பொண்ணு?"

தரையில் போட்ட படம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். "படி. அர்த்தம் சொல்லு" என்றார். வரி வரியாகப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அது வெடிக்கிற பாம் இல்லை, உள்ளே எரிந்தாலும் வெடிக்காமல் தாங்குகிற பாத்திரம். உள்ளே வைப்பது வேர்க்கடலை. சூட்டைத்தான் அளக்கிறார்கள்.

"இன்னா சார், வேர்க்கல்ல மேட்டரா கீது!" என்று கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, கீழே இருந்த கேள்விகளைப் பார்த்தார். அக்காவிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் கத்துக்கத்தான் படிக்கிறேன்னு சொல்றீங்க. இதுக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம். வொய் இஸ் தி பாம் சரவுண்டட் பை வாட்டர்?"

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்து வைப்பது மாதிரி சொன்னார்.

"தி பாம் இஸ் சரவுண்டட் பை வாட்டர், சார், பிகாஸ் தி வாட்டர் டேக்ஸ் தி ஹீட். வீ மெஷர் தி வாட்டர். தென் வீ நோ தி எனர்ஜி இன் தி நட்."

அந்த நேரத்தில்தான் எதிர் வீட்டு சார் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வேட்டி சட்டையில், வியர்த்து வழிந்துகொண்டு. பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும்.

"நான் இவங்க எதிர் வீடு சார். தினமும் சாயங்காலம் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். பாடம்தான் படிக்கிறாங்க. வீட்டுல பேச்சுக்குரல் இல்லாதவன், அதனால கேப்பேன். போன வாரம் கண்ணப் பத்தி, அதுக்கு முந்தி வௌவால். தப்பா ஒண்ணும் கிடையாது. எழுதிக் கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார். ஏதேதோ கேட்டார். கடைசியில், "சரி, போங்க. மாசாமாசம் வந்து கையெழுத்து போட்டுடுங்க" என்றார் அக்காவிடம். கேஸ் எழுதவில்லை. புத்தகத்தை மட்டும் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். "இது இங்க இருக்கட்டும்."

அது திரும்பி வரவேயில்லை. கேட்டு வாங்க யாருக்குத் துணிச்சல்?

வெளியே வந்ததும் சார் அப்பாவின் பக்கத்தில் வந்தார். அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "பண்றதயும் பண்ணிட்டு வேடிக்கை பார்க்க வந்துட்டீங்களா?" என்றார். சார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எனக்கும் அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது. போட்டுக்கொடுத்துவிட்டு மனசாட்சி உறுத்த ஓடிவந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

*

அந்த மாதமே அப்பா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். திட்டவில்லை. "தப்பா நெனைக்காதீங்கம்மா, பொண்ணு இருக்கு" என்றார். மாடி அம்மா, "விளங்குது தம்பி" என்றார். ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு கிடைத்துப் போனார்கள். சாமான் ஏற்றிய டெம்போ கிளம்புவதற்கு முன் அக்கா என் கன்னத்தைத் தட்டி, "ஃபுல் சென்டன்ஸ், மறக்காதை" என்றார். எங்கள் அம்மா ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். வண்டி போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

எதிர் வீட்டோடு பேச்சு நின்றது. அவர் வீட்டு மாமரத்திலிருந்து எங்கள் பக்கம் விழுந்த காய்களை அப்பா எடுக்க விடமாட்டார். அடுத்த வருஷம் கோடையில் ஒரு நாள் சார் எங்கள் கேட்டுக்கு வந்து, "பாப்பா, உனக்கு டெல்லியிலேர்ந்து போன். உங்க மாடியில இருந்த பொண்ணு லைன்ல இருக்கா, ஓடி வா" என்று கூப்பிட்டார். நான் செருப்பைத் தேடினேன். அப்பா கதவை மறித்துக்கொண்டு நின்றார். "அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது." கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. சற்று நேரம் கழித்து சார் மறுபடி வந்து, உள்ளே வராமல், தெருவில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார்:

"விசா கிடைச்சிடுச்சாம். கூட யாரும் வேணாம்னு சொல்லிட்டு எல்லாத்துக்கும் தானே இங்கிலீஷ்ல பதில் சொன்னாளாம். உன்கிட்ட சொல்லச் சொன்னா."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. போட்டுக்கொடுத்தவருக்கு என்ன நன்றி?

நான் கல்லூரியில் இருந்தபோது சார் இறந்துபோனார். மகன் வந்து காரியம் செய்தார். தெருவே போயிற்று, அப்பா போகவில்லை. அன்றைக்கு அம்மா சமைக்காமல் தலைவலி என்று படுத்திருந்தாள்.

*

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா இப்போது என்னோடு முடிச்சூரில் இருக்கிறாள். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் சிட்லபாக்கம் போனோம். பழைய தெருவில் நடந்தபோது சார் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை வலை கட்டிய கட்டிடம். கலவை மிஷின் சத்தம்.

"நம்மள ஸ்டேஷன் வரைக்கும் இழுத்த ஆளு வீடு" என்றேன், ஒரு பேச்சுக்கு.

அம்மா நடப்பதை நிறுத்தினாள்.

"அவரு இல்லடி. நான்தான்."

கலவை மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"துணி எடுக்க வந்தேன். பாம், ஃபியூஸ்னு காதுல விழுது. எட்டிப் பார்த்தா தரையில படம். நீ அவ பக்கத்துல உக்காந்து தலைய தலைய ஆட்டிக்கிட்டு இருக்க. உங்கப்பாகிட்ட சொன்னா யோசிக்கலாம்பாரு. மறுநாள் கோயிலுக்குன்னு கிளம்பிப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். எம் பொண்ணு பேரு வரக்கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னேன். உன்னையே கூப்பிடுவாங்கன்னு நெனைக்கல."

"சாருக்கு இது தெரியுமா?"

"ஸ்டேஷன விட்டு வெளிய வரேன், எதிர்ல வராரு. பார்த்துட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல. 'வெயிலா இருக்கேம்மா, கொடை எடுத்துட்டு வரக்கூடாதா?'ன்னாரு. அவ்ளோதான்."

அப்பா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்ன வார்த்தையும், அந்த மனிதர் வாயைத் திறந்து மூடியதும் கண் முன்னால் வந்தன. தெரிந்தே மூடியிருக்கிறார். சாகும் வரை மூடியே வைத்திருந்திருக்கிறார்.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமேம்மா. அப்பாகிட்டயாவது."

"சொல்லியிருக்கலாம். அவர நெனைச்சா இப்பவும் சோறு எறங்காது." அம்மா அந்தப் பச்சை வலையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. "ஆனா போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். அது நல்ல பொண்ணுன்னு இன்னிக்குத் தெரியுது. அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? உன்னத்தான் தெரியும். இன்னிக்கு நடந்தாலும் போவேன்."

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன்.